ஏழு பாட்டில் இரண்டு

மார்ச் 3

தம்பிக்கு,

பாட்டெல்லாம் கேட்டாகிவிட்டது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் "அக்கா, வேற போன் வருது" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கோபத்தில் மடித்து எறிந்தாலும் மறுநாள் எடுத்துப் படிப்பாய்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். விளம்பரத்தில் கதாநாயகன் பெயருக்கு அடுத்த வரியில் உன் பெயர். உன் அத்தான் அதைப் படம் பிடித்து பார்சல் ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டார். எடை போட வந்தவர்களையும் விடவில்லையாம். "மச்சானோட முதல் பெரிய படம்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. தானே மெட்டுப் போட்ட மாதிரி.

பாட்டை நான் வேலை செய்கிற இடத்தில் வைத்துக் கேட்டேன். பல் செட்டு செய்கிற கூடம் எப்படி இருக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். ஒரு பக்கம் மெழுகு உருகும், ஒரு பக்கம் அச்சு காயும், மூலையில் பாலிஷ் மெஷின் கத்தும். முதல் பாட்டு தொடங்கியதும் பாலிஷ்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "பெல்ட் கிழிஞ்சிடுச்சு போல. புதுசா ஒரு சத்தம் வருது" என்றார். அது பெல்ட் இல்லை, உன் பாட்டு. எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லவும் இல்லை.

பெட்டிப் பாட்டு பிரமாதம். விமான நிலையத்தில் சாமான் தூக்குகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுவதும், கடைசியில் ஒரு பெட்டி மட்டும் யாரும் எடுக்காமல் சுற்றிச் சுற்றி வருவதும், சிரிப்பாகவும் இருக்கிறது, என்னமோ செய்யவும் செய்கிறது. உன் மருமகள் வாலு பள்ளிக்கூடப் பைக்குள் புத்தகம் அடுக்கும்போதெல்லாம் அதைத்தான் பாடுகிறாள். காத்திருப்புப் பாட்டைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை போதாது. அந்தப் பெண் குரலும் ஒற்றை செல்லோ வாத்தியமும் போதும் என்று எப்படி விட்டாய்? மெழுகு ஆறிப்போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம், தம்பி, காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தாலும் குத்துகிறது. ஜன்னலோரப் பாட்டு தனிக் கதை. மெட்டு மாடிப்படி ஏறிப் போகிறது, இறங்கத் தெரியாமல் மேலேயே நிற்கிறது. ஏழு பாட்டில் இரண்டுதான் தேறுகிறது. "உண்மையைச் சொல்லணும்" என்று நீதான் கேட்டாய். வேறு யாராவது சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

வேறு யாராவது சொல்வதற்கு முன் என்று எழுதியிருக்கிறாய். கவலைப்படாதே, நீ கடைசி. வாரப் பத்திரிகைக்காரர், ரேடியோக்காரர், எதிர்வீட்டுத் தையல்காரர் எல்லாரும் உன்னையே பார்த்து எழுதின மாதிரி அதையேதான் சொல்கிறார்கள். "இரண்டு பாடல்களைக் கேளுங்கள், மற்றவற்றுக்கு நேரம் ஒதுக்க வேண்டாம்." ஒருவர் இப்படி அச்சிலேயே போட்டுவிட்டார்.

உனக்கு ஒன்று தெரியுமா? பெட்டிப் பாட்டை நான் ஒரு டீ ஆறுவதற்குள் போட்டேன். காத்திருப்புப் பாட்டு ஒரு காலைப் பொழுது. மற்ற ஐந்துக்கும்தான் தூக்கத்தை விட்டேன், மெலிந்தேன், இரண்டு சிநேகிதர்களோடு சண்டை போட்டேன். பெற்ற பிள்ளைகளில் கஷ்டப்பட்டு வளர்த்ததையெல்லாம் அவலட்சணம் என்று சொல்லிவிட்டு, தானாக வளர்ந்ததை மட்டும் எல்லாரும் தூக்கிக் கொஞ்சினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது எனக்கு.

ஜன்னலோரப் பாட்டு இந்தப் படத்திலேயே சிறந்த மெட்டு. அது மேலேயே நிற்கிறது என்றால், நிற்கவேண்டும் என்றுதான் நிறுத்தினேன். இதையெல்லாம் பல் கட்டுகிறவளுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

இனிப் பாட்டைப் பற்றி எழுதாதே. வேறு எதுவானாலும் எழுது. வாலுவுக்கு என் முத்தம். அத்தானிடம் விளம்பரத்தைக் காட்டியது போதும் என்று சொல்.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

ஆமாம், பல் கட்டுகிறவள்தான். அந்த வரியை வாசித்ததும் உனக்கு எழுதவே கூடாது என்று இருந்தேன். உன் அத்தான்தான், "எழுதின கையோட அவனே வருத்தப்பட்டிருப்பான், விடு" என்றார். விட்டேன். இது வேறு விஷயம்.

போன வாரம் போன் செய்தேனே, நினைவிருக்கிறதா? பலமுறை அடித்து ஒருமுறைதான் எடுத்தாய். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "நாளைக்குத்தான்" என்றாய். கிண்டல் என்று நினைத்து, "ஏன்டா இப்படிப் பேசறே, அக்கா மேல அவ்வளவு கோவமா?" என்றேன். "சரி சரி, அனுப்பி வை" என்றாய். நான் எதை அனுப்புவது? அதற்குப் பிறகு நான் பேசப் பேச "ம், ம்" என்றே சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனைக் கையில் பிடித்தபடி நான் சமையலறையில் நின்றேன். வாலு வந்து "மாமா என்னம்மா சொன்னாங்க?" என்றாள். எனக்கே தெரியவில்லை.

மனசு கேட்காமல் உன் ஸ்டுடியோவுக்குப் போன் போட்டேன். யாரோ புதுப் பையன் எடுத்தான். நாம் மீசை என்று கூப்பிடுகிற ஒலிப்பதிவாளர் இருக்கிறாரா என்று கேட்டேன். "அவர் வேலையை விட்டுப் போயிட்டாரேம்மா" என்றான். மீசையா? நீ வாடகை ஸ்டுடியோவில் ஓரமாக உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து உன் கூட இருப்பவன். அவன் போய்விட்டான், நீ எனக்குச் சொல்லவில்லை.

நேராகவே கேட்கிறேன். குடிக்கிறாயா? அப்பா கடைசிக் காலத்தில் இப்படித்தான், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த வீட்டில் நாம் இரண்டு பேரும் வளர்ந்தோம். உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

பாட்டு எப்படியோ போகட்டும். ஏழும் குப்பையாகவே இருக்கட்டும். நீ நன்றாக இருக்கிறாயா? அதற்கு மட்டும் பதில் எழுது. பொய் எழுதினால் கண்டுபிடித்துவிடுவேன்.

அக்கா


மார்ச் 27

அக்கா,

குடிக்கவில்லை. உன் மேல், வாலு மேல் சத்தியம்.

எனக்குக் காது சரியில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய், துவைத்த சட்டைகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இனி மேலே எழுதுகிறேன்.

தண்ணீர் கொதித்தால் விசிலடிக்கும் கெட்டில் ஒன்று வாங்கியிருந்தேன். போன வருஷம் அது விசிலடிப்பதை நிறுத்திவிட்டது. கடைக்குக் கொண்டுபோய், "வாங்கி ஒரு வருஷம் ஆகலை, இப்படிப் பொருளை விக்கறீங்களே" என்று சண்டை போட்டேன். கடைக்காரர் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு ஆவி வருவது மட்டும்தான் தெரிந்தது.

டாக்டரிடம் போனேன். வருஷக்கணக்காக ஹெட்போனை அலறவிட்டுக் கேட்டதன் பலன் என்றார். கீழ் ஸ்தாயிச் சத்தமெல்லாம் எனக்கு நன்றாகவே கேட்கிறது. மேலே போகப் போகத்தான் ஒன்றும் இல்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பேச்சு கேட்கிறது, ஆனால் வார்த்தைகளின் ஓரத்தை எலி கடித்த மாதிரி. ச, ஸ் எல்லாம் விழுவதில்லை. பெண் குரலும் குழந்தைக் குரலும் இன்னும் கஷ்டம். போனில் என்றால் கேட்கவே வேண்டாம். நீ "சாப்பிட்டியா" என்று கேட்டாயா? நான் "ஆரம்பிச்சிட்டியா" என்று நினைத்தேன். அடுத்த வேலையை.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துக் கடைசிக் கலவை செய்யும்போது எனக்கு எல்லாப் பாட்டும் மந்தமாக, போர்வைக்குள் பாடுகிற மாதிரி இருந்தது. மேல் சத்தத்தைக் கூட்டினேன். போதவில்லை. இன்னும் கூட்டினேன். மீசை பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ரொம்பக் கூர்மையா இருக்கு. காதுல குத்துது" என்றான். நான் எல்லார் முன்னாலும், "இங்க யாரோட காது பெரிசு, உன்னோடதா என்னோடதா?" என்றேன். ஹெட்போனைக் கழற்றி, வயரைச் சுற்றி, மேசை மேல் பக்குவமாக வைத்துவிட்டுப் போனான். எறிந்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

பெட்டிப் பாட்டு தப்பித்ததற்குக் காரணம், அதை அவன் முன்னமே முடித்துவிட்டான். காத்திருப்புப் பாட்டில் நான் கூட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு குரல், ஒரு செல்லோ. நான் கை வைக்காத இரண்டும் தேறின. கை வைத்த ஐந்தும் போயின. பத்திரிகைக்காரர் எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, அக்கா. பயம்தான் வந்தது.

யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஒருவனும் கூப்பிட மாட்டான். காது போன இசையமைப்பாளனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? நீயும் யாரிடமும் சொல்லாதே, அத்தானிடமும்.

பல் கட்டுகிறவள் என்று எழுதியதற்கு என்னை நாலு சாத்து சாத்து.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதம் கூடத்து முகவரிக்கு வந்தது. பிரித்ததும் முதல் வரியைப் பார்த்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு மீதியைப் படித்தேன். பாலிஷ்காரர் கதவைத் தட்டி, "என்னம்மா, உடம்புக்கு முடியலையா?" என்றார். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். முடித்துவிட்டேன். இனி ஆகவேண்டியதைப் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். வீட்டைப் பெருக்கி வை. இரண்டாவதாக ஒரு டாக்டரைப் பார்க்கிறோம். காதில் வைக்கிற மெஷினைப் பற்றி அவர் சொன்னாரா, சொல்லியும் நீ வேண்டாம் என்றாயா? இரண்டாவதுதான் என்று என் மனசு சொல்கிறது.

அத்தானிடம் சொல்லிவிட்டேன். திட்டாதே. முப்பது வருஷமாகப் பார்சல் பிரிக்காமல் கொண்டு சேர்க்கிறவர், வாயைத் திறக்க மாட்டார்.

எங்களிடம் பல் செட்டு வாங்கிப் போனவர் ஒருவர், போட்டுக் காட்டும்போது "பிரமாதம், வலியே இல்லை" என்றார். வீட்டுக்குப் போய் டம்ளரில் போட்டு மூடி வைத்துவிட்டுக் கஞ்சியாகக் குடித்திருக்கிறார். மனைவிதான் கண்டுபிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஈறெல்லாம் புண். "சொல்லியிருந்தா அப்பவே தேய்ச்சுக் குடுத்திருப்போமே" என்றேன். "குறை சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சும்மா" என்றார். உன்னை நினைத்துக்கொண்டேன். வலிக்கிறது என்று சொல்லாதவனுக்கு யார் என்ன செய்ய முடியும்?

இன்னொன்று. நான்கு பாட்டைக் காதின் கணக்கில் எழுதிக்கொள், ஒத்துக்கொள்கிறேன். ஜன்னலோரப் பாட்டை அதில் சேர்க்காதே. அதை வாலுவை விட்டு வெறும் வாயால் பாடச் சொல்லிக் கேட்டேன். கூர்மையும் இல்லை, ஒன்றும் இல்லை, அப்போதும் நன்றாக இல்லை. மெட்டே சரியில்லை. இந்த நேரத்தில் இதை எழுதலாமா என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். பரிதாபப்பட்டு அதையும் நல்ல பாட்டு என்று சொன்னால் அன்றிலிருந்து நீ எனக்கு நோயாளி ஆகிவிடுவாய். அது வேண்டாம். நீ என் தம்பி, சில நேரம் நன்றாகவும் சில நேரம் சுமாராகவும் மெட்டுப் போடுகிறவன். அப்படியே இரு.

சாத்துவதை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

நீ ரயிலேறிப் போனதிலிருந்து வீடு சுத்தமாக இருக்கிறது. எந்தப் பொருளை எங்கே வைத்தாய் என்றுதான் தெரியவில்லை. உப்பைத் தேடி இரண்டு நாள் உப்பில்லாமல் சாப்பிட்டேன்.

அந்தக் கண்ணாடி அறைப் பரிசோதனையை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். கேட்காதபோதும் குத்துமதிப்பாக அழுத்தினேன். வெளியே உட்கார்ந்திருந்த நீ எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டி, விரலை ஆட்டினாயே! பரிசோதனை செய்த பெண், "யாரு, உங்க டீச்சரா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் நான் குருட்டடியாக விடை எழுதுவதை நீ ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வைத்திருந்த அதே முகம்.

காது மெஷினை வைத்துக்கொள்கிறேன். முதல் நாள் என் சட்டையே சத்தம் போட்டது. பேப்பரைத் திருப்பினால் தகரத்தைக் கிழிப்பது போல. அதைப் போட்டுக்கொண்டு என் படத்துப் பாட்டையும் கேட்டேன். முதல் பாட்டில் கொஞ்ச தூரம் போவதற்குள் நிறுத்திவிட்டேன். உன் பாலிஷ்காரரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஜன்னலோரப் பாட்டை முழுக்கக் கேட்டேன். நல்ல பாட்டு. உன்னோடு இதில் எனக்குச் சமாதானம் கிடையாது.

ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. பேச்சு தெளிவாக விழுகிறது, இசை அப்படி இல்லை. வயலின் என்று தெரிகிறது, யார் வாசிக்கிறார் என்று தெரியவில்லை. முன்பு விரல் வழுக்குவதைக்கூடக் கேட்பேன். அது போயிற்று. ஒரு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். பிறகு எழுந்து மீசை வீட்டுக்குப் போனேன்.

ஏணி மேல் நின்று ஜன்னலுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். இறங்கவில்லை. மெஷினை வெட்கப்பட்டுப் பையில் போட்டிருந்தேன், அதுதான் வினையாயிற்று. அவன் என்னவோ சொன்னான். அவன் பேசுவதே பூனை நடக்கிற மாதிரி, உனக்குத் தெரியுமே.

"சத்தமாப் பேசு" என்றேன்.

அவன் மறுபடி என்னவோ சொன்னான்.

"காது கேக்கலைடா எனக்கு!" என்றேன். எனக்கு அது ரகசியம் சொல்வது போலத்தான் இருந்தது. கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. மாடியில் துணி காயப்போட்ட அம்மாள் கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். தெருவில் போன சைக்கிள் நின்றது. மூடி மூடி வைத்ததை நானே தெருவுக்கெல்லாம் அறிவித்துவிட்டேன்.

மீசை இறங்கி வந்தான். என் முகத்துக்கு நேராக நின்று, என்னால் கேட்க முடிகிற மாதிரி சொன்னான்: "நான் என் காதுதான் போச்சுன்னு நினைச்சேன்ணே. நீங்க தப்பாக் கேக்க மாட்டீங்கன்னு நம்பி, ரெண்டு டாக்டர்கிட்டப் போய்ப் பரிசோதனை பண்ணிக்கிட்டேன். நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அப்பவும் நம்பலை. வேற வேலைக்கு எவன் கூப்பிட்டும் போகலை."

அக்கா, நான் அவன் காதைப் பழித்தேன், அவன் என்னை நம்பித் தன் காதையே சந்தேகப்பட்டிருக்கிறான். நான் அவன் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, "அந்தக் கீழ்ப்பக்கம் மிச்சம் இருக்கு, அடிங்க" என்றான். அடித்தேன். சட்டையெல்லாம் பச்சை. திங்கட்கிழமை ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டான்.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

உப்பு அடுப்புக்கு மேல் தட்டில், நீல டப்பாவில்.

மீசையைப் பற்றி எழுதியிருந்ததை உன் அத்தானுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவர் வாங்கிப் படித்தார். அவராலும் முடியவில்லை. வாலுதான் முடித்து வைத்தாள்.

தெருவுக்கே தெரிந்துவிட்டது என்று கவலைப்படாதே. தெருவுக்குத் தெரிந்தது ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தது சினிமாக்காரர்களுக்கும் தெரியும். தெரியட்டுமே. காத்திருப்புப் பாட்டைக் கேட்டுவிட்டு ஒரு புது இயக்குநர் அம்மா உன்னைப் பார்க்க வருவதாக, நான் அங்கே வந்திருந்தபோது சொன்னாயே, அவர் காதுக்கும் போகும். அவராகக் கேட்டால் மறைக்காதே. மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு உட்காராதே. அது உன் காதில் இருக்க வேண்டியது.

அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இங்கே வந்துவிடு. கொஞ்ச நாள் இரு. பாலிஷ் மெஷின் பக்கத்தில் உட்கார உன்னைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

கோபம் வந்ததா? வந்தால் நல்லது.

அக்கா


மே 12

அக்காவுக்கு,

கோபம் வந்தது. நன்றி.

இயக்குநர் நேற்று வந்தார். உன் வயசுதான் இருக்கும், முதல் படம். உட்கார்ந்ததுமே, "கேள்விப்பட்டது உண்மையா?" என்றார். முடியை ஒதுக்கி மெஷினைக் காட்டினேன். எதெல்லாம் கேட்கும், எதெல்லாம் கேட்காது என்று ஒளிக்காமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கடைசிக் கலவையை இனி மீசைதான் முடிவு செய்வான், அதில் நான் தலையிட மாட்டேன் என்றும் சொன்னேன். பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்த மீசை, கோப்பை வழிவதுகூடத் தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருந்தான்.

அவர் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு, "எங்க தயாரிப்பாளர் பயப்படறார். நானும் பயப்படறேன், பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "மொத்தப் படத்தையும் உங்ககிட்டக் குடுக்க என்னால முடியாது. நாலு பாட்டுல ரெண்டு உங்களுக்கு. மத்த ரெண்டும் வேற ஒருத்தருக்கு."

காது மடலெல்லாம் சுட்டது. இன்னொருவனோடு பங்கு போட்டுக்கொள்வதா? எழுந்துவிடலாம் என்று கால் தரையில் ஊன்றியது உண்மை. "ஆனா, அந்த ரெண்டும் எனக்கு நல்லா வேணும்" என்றார் அவர். அவர் என்னைத் தேற்றவில்லை, தூக்கிவிடவும் இல்லை. வேலையைக் கேட்டார். அதனாலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்த மாதிரி வேணும்?" என்றேன்.

இனி வருவதை நீ உட்கார்ந்துகொண்டு படி. "ஒண்ணு காத்திருப்புப் பாட்டு மாதிரி" என்றார். "இன்னொண்ணு ஜன்னலோரப் பாட்டு மாதிரி. அந்த மெட்டு மேலேயே நிக்குதே, இறங்கவே மாட்டேங்குதே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது. சத்தத்தைத்தான் கெடுத்துட்டீங்க."

படித்தாயா? இன்னொரு தடவை படி. அத்தானுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு. இயக்குநர் போன பிறகு நானும் மீசையும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

நேற்றே ஒரு மெட்டுத் தொடங்கிவிட்டேன். மீசை கேட்டுவிட்டு, "ரெண்டாவது வரி சுமார்தான்ணே" என்றான். முன்பெல்லாம் இப்படிச் சொல்ல மாட்டான். மாற்றிக்கொண்டிருக்கிறேன்.

படம் வருகிற வெள்ளிக்கிழமை வெளியாகிறது. நான் பார்க்கப் போவதில்லை. என்னால் முடியாது.

தம்பி


மே 29

தம்பிக்கு,

அந்த இயக்குநர் அம்மாவுக்கு நம் காது டாக்டரின் முகவரியைக் கொடு.

உன் அத்தான் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு வீட்டுக்குள் நடந்துகொண்டே ஜன்னலோரப் பாட்டை முனகுகிறார், என்னைச் சீண்டுவதற்காக. தோற்றுவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. ரசனை என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரு பலவீனம் இருக்கும்.

நாங்கள் படம் பார்த்தோம். இன்றோடு எடுத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் அரை நாள் லீவு போட்டு, உன் அத்தானையும் வாலுவையும் இழுத்துக்கொண்டு மதியக் காட்சிக்குப் போனேன். கூட்டம் இல்லை. முன் வரிசையில் இரண்டு மாணவர்கள், நடுவில் ஒரு ஜோடி, ஓரமாகக் கையில் ஹெல்மெட்டோடு ஒரு தனி ஆள், அங்கங்கே இன்னும் சிலர். முதல் பாட்டு வந்ததும் சத்தம் தானாகக் குறைந்தது. தியேட்டர்க்காரரே குறைத்திருக்கிறார். பெட்டிப் பாட்டுக்கு மாணவர்கள் விசிலடித்தார்கள். வாலு நாற்காலி மேல் ஏறி நின்று கூடவே பாடினாள், யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜன்னலோரப் பாட்டு திரையில் அவ்வளவு மோசமில்லை. இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்காதே.

கதை நன்றாக இல்லை. அதை நீ செய்யவில்லை, நான் எதற்கு மறைக்க வேண்டும்? இடைவேளைக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து போக ஆரம்பித்தார்கள். ஜோடி போயிற்று. ஹெல்மெட்காரரும் எழுந்தார். அவர் நடைபாதையில் பாதி தூரம் வந்திருக்கும்போது காத்திருப்புப் பாட்டு தொடங்கியது. முதலில் செல்லோ மட்டும்.

அவர் கதவு வரைக்கும் போய்விட்டார். கதவின் மேல் கையை வைத்துவிட்டார். கதவு கொஞ்சம் திறந்து, வெளி வெளிச்சம் ஒரு கோடாக அவர் செருப்பின் மேல் விழுந்தது. அந்தப் பெண் பாட ஆரம்பித்தாள். அவர் திரும்பவில்லை, திரையைப் பார்க்கவும் இல்லை. கதவைப் பார்த்தபடியே, கையை எடுக்காமல், தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு நின்றார். நான் படத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தான் என் கையைத் தொட்டு, "பார்க்கிறியா?" என்றார். "பேசாம இருங்க" என்றேன்.

முதல் சரணம் முடிந்தது. போய்விடுவார் என்று நினைத்தேன். இரண்டாவதற்கும் நின்றார். கடைசியில் குரல் நின்று செல்லோ மட்டும் போகிறதே, அது முழுக்க ஓய்கிற வரைக்கும் அசையவில்லை. ஓய்ந்ததும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தக் கதவு கனமான கதவு, விட்டால் படீரென்று அடித்துக்கொள்ளும். அதை வெளியிலிருந்து கையால் பிடித்து, மெல்ல, சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

அக்கா